டிசைன் ரிவ்யூவில் கமென்ட் எப்படி எழுதுவது? மூன்று சாம்பிள் மேசையில் இருக்கிறது

பின்னல்நகர் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் அனுப்பும் டெக்பேக்குக்கு (அளவு, துணி, தையல் விவரத் தாள்) சாம்பிள் போட்டுக் கொடுப்பதுதான் இதுவரை வேலை. இந்த சீசனில் எங்கள் டிசைன் ரூமே சொந்தமாக ஒரு கலெக்‌ஷன் செய்து ஜெர்மனி பையர் ஒருவருக்குக் காட்டப் போகிறது. அதற்கு முன்னால் உள்ளுக்குள்ளேயே ரிவ்யூ. பீஸ் பீஸாகப் பார்த்து எழுத்தில் கமென்ட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை ரிவ்யூ ஷீட்டை எடுத்துப் பார்த்தால் "லுக் பத்தலை", "இன்னும் பிரீமியமா வேணும்", "கழுத்து சரியில்லை" என்றுதான் இருக்கிறது. இதை வைத்து டிசைனர் எதைத்தான் மாற்றுவார்?

மூன்று ஸ்டைல்:

அ) சிறுவர் ஹூடி, உயரம் 92 முதல் 140 வரை. 100% காட்டன் லூப்நிட் (உள்பக்கம் வளையம் வளையமாக இருக்கும் பின்னல் துணி), 260 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை). மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி நேவி. ஹூடில் கயிறு. நெஞ்சில் கரடி முகம், முழுக்க நிரப்பிய எம்பிராய்டரி. முன்னால் கங்காரு பாக்கெட், வெள்ளையும் நேவியும் சேரும் தையல் அதன் நடுவில் போகிறது. சைஸ் 92-இல் கழுத்து அகலம் 14 செ.மீ, முன் இறக்கம் 6, பின் இறக்கம் 2.

ஆ) பெண்கள் பாக்ஸி டி-சர்ட். 30ஸ் நூலில் சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-சர்ட் துணி), 150 ஜிஎஸ்எம், நேவி–எக்ரு (வெளுக்காத பருத்தி நிறம்) கோடு, ரிபீட் (ஒரே கோட்டு வரிசை திரும்ப வரும் தூரம்) 8 செ.மீ. தோள் 6 செ.மீ கீழே இறங்குகிறது. அரை நெஞ்சு 54, நீளம் 60.

இ) ஆண்கள் ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம். நெஞ்சு முழுக்க பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் மை) பிரிண்ட். கழுத்து ரிப் படியாமல் அலை அலையாக நிற்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது, எப்படி எழுதுவது? டிசைனர் படிப்பு முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மனசு உடையாமலும் சொல்ல வேண்டும்.

---

டிசைன்ரூம் அக்கா பதில்:

தம்பி, பீஸைத் தொடுவதற்கு முன்னால் டிசைனரிடம் கேட்டு ஷீட்டின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு, எந்த விலைக்கு, இந்தப் பீஸில் கடைசிவரை விட்டுக்கொடுக்க முடியாத ஒரு அம்சம் எது? ஹூடியில் அது கரடியா, இரண்டு நிறமா என்று தெரியாமல் கமென்ட் எழுதினால் இருக்கிற நல்லதைத்தான் வெட்டி எறிவீர்கள். மனசு உடையாமல் இருப்பதற்கும் இதுதான் வழி. அவர் காப்பாற்ற நினைப்பதை நீங்களும் காப்பாற்றுகிறீர்கள் என்று தெரிந்தால் மற்ற எதையும் மாற்றச் சம்மதிப்பார். பேச்சை இனிப்பாக்க வேண்டியதே இல்லை.

பார்க்கும் வரிசை: ஹேங்கரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு முறை. கடையில் வாடிக்கையாளர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு டம்மியில். அதற்குப் பிறகு ஆள் போட்டுக் கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து. கடைசியில் பீஸைத் திருப்பி உள்பக்கம். நிறைய பேர் உள்பக்கம் பார்ப்பதே இல்லை. சிறுவர் பீஸில் பாதிப் பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எழுதும்போதும் ஒரு வரிசை இருக்கட்டும். சட்டம், பாதுகாப்பு முதலில். அடுத்து போட முடிகிறதா, கழற்ற முடிகிறதா. அடுத்து லைனில் தைக்க முடிகிறதா. அப்புறம் விலை. ரசனை கடைசி. ரசனைக் கமென்ட் ஒரு ஸ்டைலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் "யோசனை" என்று தனியாகக் குறித்துவிடுங்கள். "கட்டாயம்" என்று எழுதியதோடு அதைக் கலந்தால் இரண்டும் மதிப்பிழக்கும்.

ஒரு கமென்ட்டில் இடம், கண்ணில் பட்டது, காரணம், எண்ணோடு ஒரு மாற்றம், அந்த மாற்றத்தால் வேறு எது அசையும், இந்த ஐந்தும் வேண்டும். உங்கள் ஹூடி பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். "பாக்கெட் தடிமனா இருக்கு" என்பது கமென்ட் இல்லை. இப்படி எழுதுங்கள்:

"பாக்கெட், முன்பக்கம். இரு நிறம் சேரும் தையல் பாக்கெட் நடுவில் போவதால் பாக்கெட் ஓரத்தில் துணி அடுக்கு கூடி, பிளாட்லாக் மெஷின் அங்கே தையல் தாவுகிறது. இணைப்புத் தையலை மேலே ஏற்றிப் பாக்கெட்டின் மேல் விளிம்போடு ஒன்றாக்கவும். பாக்கெட் முழுக்க நேவி. வெள்ளைப் பகுதி சிறிதாகும், இரண்டு நிறத் துணியின் கன்சம்ப்ஷனையும் (பீஸுக்கு ஆகும் துணி) திரும்பப் போட வேண்டும்."

இரு நிற யோசனை அப்படியே இருக்கிறது பாருங்கள். பாக்கெட் விளிம்பே நிறப் பிரிவாகிவிட்டதால் முன்னைவிடத் தெளிவாகவும் தெரியும். வெள்ளையும் நேவியும் சேர்த்து பாக்கெட் வெட்டுகிற வேலையும் போகிறது.

கரடி: முழு நிரப்பு எம்பிராய்டரிக்கு நம்மூரில் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் ரேட். நெஞ்சளவு முகத்தை நிரப்பினால் தையல் எண்ணிக்கை எங்கேயோ போகும். அது போக, லூப்நிட் இழுபடும் துணி. அடர்ந்த நிரப்பு அதன் மேல் உட்கார்ந்தால் சுற்றிலும் சுருங்கும், துவைத்த பிறகு முகம் தட்டு மாதிரி விறைத்து நிற்கும். முகத்தைத் துணி அப்ளிக்கில் (வெட்டிய துணியை மேலே வைத்துத் தைப்பது) வைத்து, ஓரத்துக்கு சாட்டின் தையல், கண்–மூக்கு மட்டும் எம்பிராய்டரி என்று சொல்லுங்கள். உள்பக்கம் எம்பிராய்டரிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரின் வெட்டு முனை குழந்தையின் தோலில் குத்தும். அதன் மேல் மெல்லிய நிட்டட் ஃபியூசிங் (சூட்டில் ஒட்டும் பின்னல் துணி) ஒட்ட வேண்டும், இது "கட்டாயம்" பக்கம்.

---

லேப் மேசை பதில்:

அக்கா வரிசை சொன்னார், முதல் வரியில் வர வேண்டியதை நான் எழுதுகிறேன்.

ஹூடில் இருக்கும் கயிறு போயே ஆக வேண்டும். ஐரோப்பாவுக்கு ஈஎன் 14682. 7 வயதுக்குக் கீழே, அதாவது 134 செ.மீ உயரம் வரை, ஹூடிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது. 7 முதல் 14 வரை அனுமதி உண்டு, ஆனால் நுனி வெளியே தொங்கக் கூடாது. உங்கள் ரேஞ்ச் 92–140, இரண்டு பிரிவிலும் கால் வைக்கிறது. 140-க்கு மட்டும் தனியாக ஒரு கட்டமைப்பு வைப்பது வீண் வேலை. எல்லா சைஸிலும் கயிறை எடுத்துவிடுங்கள். கயிறு தரும் தோற்றம் வேண்டுமென்றால் ஹூட் ஓரத்தில் 2.5 செ.மீ மடிப்பு, அதன் மேல் இரட்டை ஊசித் தையல், இரண்டு பக்கமும் காஜா ஓட்டை மட்டும். மெட்டல் ஐலெட் வைத்தால் நிக்கல் டெஸ்ட்டும் இழுவை டெஸ்ட்டும் சேர்ந்து வரும். அதற்குக் காஜாவே மேல்.

அடுத்தது நேவி–வெள்ளை. டிசைன் ஷீட்டில் அழகாக இருக்கும், பல்க்கில் ஷேடு ஏறும். வாஷ் டெஸ்ட் பாஸ் ஆனதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். துவைத்து முறுக்கி ஈரத்தோடு மடித்துப் போட்டு வைக்கும்போதுதான் நேவி வெள்ளையில் இறங்கும். அதற்கு உரிய டெஸ்ட் தண்ணீர் ஃபாஸ்ட்னெஸ் (தண்ணீரில் சாயம் நிற்கிறதா என்பது), ஐஎஸ்ஓ 105-ஈ01. ஈரத் துணியை மல்டிஃபைபரோடு (பல இழை வகை சேர்ந்த வெள்ளைத் துண்டு) அழுத்தத்தில் வைத்து 37 டிகிரியில் 4 மணி நேரம், அப்புறம் கிரே ஸ்கேலில் (1 முதல் 5 வரை, 5 என்றால் கறையே இல்லை) கறை பார்ப்பது. இந்த மாதிரி இரு நிறப் பீஸுக்கு கறை 4 என்று இலக்கு வையுங்கள். 3-4 வந்தால் டையிங்கில் சோப்பிங்கும் ஃபிக்சிங்கும் பத்தவில்லை என்று அர்த்தம். பல்க் நேவி ஒவ்வொரு லாட்டுக்கும் இது வேண்டும், முதல் லாட் பாஸ் ஆனதால் இரண்டாவதும் ஆகும் என்று இல்லை.

லேபுக்குப் போகும் முன் ரிவ்யூ மேசையிலேயே ஒன்று செய்யலாம். நேவித் துண்டு, வெள்ளைத் துண்டு இரண்டையும் நனைத்துப் பிழிந்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, மேலே எடை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளையில் நீலம் தெரிந்தால் லேபுக்குக் கட்டும் பணம் மிச்சம். ரிப்போர்ட்டுக்கு இது மாற்று இல்லை, முன்னெச்சரிக்கை மட்டும்.

வெள்ளைக்குப் பதில் மெலஞ்ச் கிரே (கலப்பு நூல் சாம்பல்) வைத்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி போய்விடும். டிசைனருக்கு யோசனையாகச் சொல்லுங்கள், கட்டாயமாக அல்ல. மற்றொன்று: உள்பக்கம் ரைசிங் (லூப்பைச் சீவிப் பஞ்சாக்குவது) பண்ணினால் நேவிப் பஞ்சு லைனில் பறந்து வெள்ளையில் ஒட்டும், செக்கிங்கில் ரோலர் வைத்து எடுத்தே நேரம் போகும். லூப்பாகவே விட்டிருப்பது நல்லது, மாற்றாதீர்கள். நல்லதையும் ஷீட்டில் எழுதலாம், அப்போதுதான் அடுத்த சாம்பிளில் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

---

பேட்டர்ன் மாஸ்டர் பதில்:

"கழுத்து சரியில்லை"ன்னு எழுதுறதுக்குப் பதிலா டேப்பை எடுங்க. 92 சைஸ்னா ரெண்டு வயசுக் குழந்தை, தலைச்சுற்றளவு 49–50 வரும். கழுத்து இழுத்தா குறைஞ்சது 52-க்கு விரியணும். நீங்க சொன்ன அளவுக்கு, அகலம் 14, முன் 6, பின் 2, கழுத்துத் தையல் நீளம் சுமார் 36 செ.மீ. 36-ஐ 52 ஆக்கணும்னா 44% இழுக்கணும். லைக்ரா இல்லாத காட்டன் லூப்நிட் அவ்வளவு வராது. போதாததுக்குப் பின்கழுத்துல டேப் அடிச்சிருப்பீங்க, அது இழுபடவே படாது. குழந்தை அழுதுட்டேதான் போடும்.

அகலத்தை 16.5, முன் இறக்கத்தை 7.5 ஆக்குங்க. தையல் நீளம் 42 செ.மீ கிட்ட வந்துரும், 23–24% இழுத்தாப் போதும். டேப் பின்பக்கத்தோட நிக்கட்டும், தோள் தையலைத் தாண்ட வேண்டாம். கழுத்தை மாத்தினா ஹூட்டோட அடிநீளமும் மாறும்ங்கறதை அதே கமென்ட்ல எழுதுங்க. அதை விட்டுட்டா ரெண்டாவது சாம்பிள்ல ஹூட் சுருக்கம் சுருக்கமா வந்து நிக்கும். அப்புறம் 92-ல சரி பண்ணிட்டு விட்டுராதீங்க, கிரேடிங்ல (மத்த சைஸுக்குப் பேட்டர்னை மாத்தும்போது) எல்லா சைஸுக்கும் இழுத்த அளவைத் தனி வரியா அளவு சார்ட்ல போடுங்க.

ரெண்டாவது ஸ்டைல், பாக்ஸி. ஆளுக்குப் போட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்க. ஹெம் மொத்தமா மேல ஏறுதா, கை மேல் முனையில ஒரு மேடு நிக்குதா? அப்படின்னா ரெகுலர் ஃபிட் ஸ்லீவை எடுத்து அப்படியே மாட்டியிருக்காங்க. தோளை 6 செ.மீ இறக்கினா ஸ்லீவோட தலைப்பகுதி ஏற்கனவே பாடியில சேர்ந்துருச்சு. ரெகுலர்ல 13 வாக்குல இருக்கற கேப் உயரத்தை (ஸ்லீவ் தலையோட உயரம்) 7–8-க்குக் கொண்டு வரணும். கேப் குறைஞ்சா பைசெப் அகலம் கூடும், கூடட்டும், பாக்ஸிக்கு அதுதான் வேணும். ஆர்ம்ஹோல் வளைவையும் ஸ்லீவ் வளைவையும் டேப்பை நிமிர்த்தி வெச்சு அளந்து பாருங்க, ஜெர்சியில வித்தியாசம் அரை செ.மீக்கு மேல வேண்டாம். கமென்ட்ல "ஸ்லீவ் ஃபிட் சரி செய்யவும்"னு மட்டும் எழுதினா சாம்பிள் டைலர் ஸ்லீவ் நீளத்தைக் குறைச்சுட்டு வந்து நிப்பார்.

மூணாவதுல ரிப் அலை. கழுத்துத் தையல் நீளம் 48-னு வெச்சுக்குங்க. லைக்ரா போட்ட 1x1 ரிப்னா 85%, அதாவது 41 செ.மீ கிட்ட, தையல் போக. லைக்ரா இல்லைன்னா 88–90%. உங்க பீஸ்ல பிரிச்சு அளந்தா 44–45 இருக்கும்னு நினைக்கறேன். ரொம்பக் குறைச்சாலும் ஆகாது, பாடி சுருங்கிக் கழுத்தைச் சுத்திச் சுருக்கம் விழும். ரிப் அளவு சரியா இருந்தும் அலை வந்தா டைலர் பாடியை இழுத்து ஓட்டறார். ரிப்பையும் கழுத்தையும் நாலாப் பிரிச்சு மார்க் போட்டுத் தைக்கச் சொல்லுங்க.

---

நிட்டிங் கணக்கு பதில்:

கோடு விஷயத்தை யாரும் தொடவில்லை. விலையில் அடி விழும் இடமே அதுதான்.

30 இன்ச் டையா (விட்டம்) மெஷினில் வழக்கமாக 90 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்), ஒரு சுற்றில் ஒவ்வொன்றும் ஒரு கோர்ஸ் (பின்னல் வரிசை) போடும். 30ஸ் 150 ஜிஎஸ்எம்மில் ஒரு செ.மீக்கு சுமார் 18 கோர்ஸ். அப்படியானால் சாதாரண ஃபீடர் ஸ்டிரைப்பில் ரிபீட் அதிகபட்சம் 90-ஐ 18-ஆல் வகுத்தால் வரும் 5 செ.மீ. டிசைனர் கேட்பது 8 செ.மீ, 144 கோர்ஸ். எஞ்சினியரிங் ஸ்டிரைப் மெஷினில்தான் (ஓடும்போதே ஃபீடரில் நூல் நிறத்தை மாற்றும் மெஷின்) முடியும். அதில் ஃபீடர் குறைவு, ஓட்டமும் மெதுவு, கிலோவுக்கு நிட்டிங் கூலி வேறு கணக்கு. 5-க்குள் போட்டாலும் ரிபீட்டின் கோர்ஸ் எண்ணிக்கை 90-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும்: 90, 45, 30, 18 இப்படி. 36 கோர்ஸ் வேண்டுமென்றால் 72 ஃபீடரில் மட்டும் நூல் ஏற்றி மற்ற 18-ஐச் சும்மா விட வேண்டும், உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சரிவு இன்னொன்று. ஒரு சுற்றுக்கு 90 கோர்ஸ் ஏறுவதால் கோடு உண்மையில் துணியைச் சுற்றி ஏறும் படிக்கட்டு. பினிஷ் அகலம் 170 செ.மீ என்றால் அந்த அகலத்தில் 5 செ.மீ ஏற்றம், உங்கள் 54 செ.மீ முன்பாகத்தில் 1.6 செ.மீ. இடது சைடில் கோடு எங்கே, வலது சைடில் எங்கே என்று ஹெம்மிலிருந்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். துணியை ஸ்லிட் பண்ணி (டியூபை நீளவாக்கில் வெட்டித் திறந்து) ஸ்டென்டரில் (துணியை விரித்துச் சூடேற்றும் மெஷின்) கோடு நேராக்கித்தான் காம்பாக்டிங் (சுருக்கத்தை முன்பே கொடுப்பது) போக வேண்டும். டியூபாகவே முடித்தால் திருத்த வழியில்லை. நேராக்கியதும் நிற்கிறதா என்பதை மூன்று வாஷுக்குப் பிறகு பாருங்கள், சிங்கிள் ஜெர்சி பழைய முறுக்குக்குத் திரும்பும்.

மேட்சிங்: எல்லா இடத்திலும் கோடு சேர வேண்டும் என்று எழுதாதீர்கள். சைடு தையல் முழுக்க, ஆர்ம்ஹோலில் முன்பக்க நாட்ச்சிலிருந்து (வெட்டுக் குறி) கீழே, இவ்வளவு போதும். தோளில் சேராது, தோள் சரிவாக இருக்கிறது. கன்சம்ப்ஷன் கணக்கு: நீளம் 60, ஸ்லீவ் 18, அலவன்ஸ் 12, மொத்தம் 90. அகலம் 54+3. 90 × 57 × 2 × 150-ஐ 10,000-ஆல் வகுத்தால் 154 கிராம். மேட்சிங்கால் வேஸ்டேஜ் 3% கூடினால் பீஸுக்கு 4.6 கிராம், 10,000 பீஸ் ஆர்டரில் 46 கிலோ நூல் சாயத் துணி. அந்த எண்ணை ரிவ்யூ ஷீட்டில் எழுதினால் வாக்குவாதம் பாதி குறையும்.

---

பின்னல்நகர்:

எல்லோருக்கும் நன்றி. டிசைனரிடம் கேட்டேன். ஹூடியில் கரடிதான் முக்கியம், நிறம் மாறலாம் என்கிறார், அது முடிந்தது. ஆனால் கோட்டில் 8 செ.மீ தான் டிசைனே, 5 என்றால் ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி ஆகிவிடும் என்கிறார். இதில் விலையை முன்னால் வைத்து மறுப்பதா?

---

நிட்டிங் கணக்கு:

மறுக்கத்தான் வேண்டும். பையர் டார்கெட் விலை தெரிந்த பிறகு எஞ்சினியரிங் ஸ்டிரைப்பைக் காட்டிவிட்டு, ஆர்டர் வந்ததும் மாற்றச் சொல்வது மோசமான வேலை.

---

டிசைன்ரூம் அக்கா:

இதில் ஒத்துப்போக மாட்டேன். சொந்தக் கலெக்‌ஷன் காட்டுவதே பையர் மற்ற இடத்தில் பார்க்காததைப் பார்க்கத்தான். டிசைனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சமமான சின்னக் கோடு யூனிஃபார்ம் மாதிரிதான் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது 8 என்கிற எண்ணா, அகலமான நேவிப் பட்டையா? 5 செ.மீ ரிபீட்டிலேயே நேவி 72 கோர்ஸ், எக்ரு 18 கோர்ஸ் போட்டால் 4 செ.மீ பட்டையும் 1 செ.மீ இடைவெளியும் வரும். 8-ஐச் சமமாகப் பிரித்தாலும் பட்டை அதே 4 செ.மீதான். இரண்டையும் உண்மை அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, டம்மியில் குத்தி, இரண்டு மீட்டரில் நின்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 8 தான் என்றால் இரண்டு பீஸும் போகட்டும், விலை இரண்டும் தனித்தனியாக.

நேவி கூடினால் எக்ருவில் கறை இறங்கும் வாய்ப்பும் கூடும், லேப் மேசை சொன்ன டெஸ்ட் இதற்கும் பொருந்தும்.

---

லேப் மேசை:

பொருந்தும். நூல் சாயம் என்பதால் கோனிலேயே சாம்பிள் எடுத்து டெஸ்ட் கொடுங்கள், நிட்டிங் முடிந்த பிறகு ஃபெயில் ஆனால் துணியை ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது ஸ்டைலின் பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. நெஞ்சு முழுக்க பிளாஸ்டிசால் என்றால் காற்றே போகாது, வேர்வையில் ஒட்டும். அயர்னிங்கில் பிரிண்ட்டோடு பிரிண்ட் ஒட்டிக்கொள்ளும். டிசைனை மாற்றாமல் நிரப்பிய பகுதிகளைப் புள்ளிகளாக உடைக்கச் சொல்லுங்கள், துணி இடையிடையே தெரியும், கையில் மென்மையாக இருக்கும். கியூரிங் (மையைச் சூட்டில் இறுக வைப்பது) 160 டிகிரி வாக்கில், மை முழுக்க அந்தச் சூடு ஏற வேண்டும். பிரிண்ட்டை விரலால் இழுத்துப் பாருங்கள், வெடித்தால் கியூரிங் பத்தவில்லை. சைஸ் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஒரே ஸ்கிரீனா, இரண்டா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எஸ்-இல் பிரிண்ட் ஆர்ம்ஹோல் வரை போய்விடும்.

---

பேட்டர்ன் மாஸ்டர்:

ஒண்ணு மட்டும். ரிவ்யூ முடிஞ்சதும் கமென்ட் போட்ட பீஸைப் பிரிச்சுத் திருத்தக் கொடுத்துராதீங்க. அது அப்படியே டேக் போட்டுத் தொங்கட்டும், திருத்தம் புதுப் பீஸ்ல. பேட்டர்ன் மேலயும் தேதியும் வெர்ஷன் நம்பரும் எழுதுங்க. ரெண்டாவது ரிவ்யூல பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு, ஷீட்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் "ஆச்சு", "ஆகலை, காரணம்"னு டிசைனரே எழுதட்டும். அந்த ரெண்டாவது ரிவ்யூல புதுசா ரசனைக் கமென்ட் எடுக்காதீங்க.